கிளாஸ் பிளொக் சுவர்: கிழக்குக் கரை வீடுகளில் எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீடு கட்டுவோருக்குப் பெரிய தலையிடி வெளிச்சம்தான். வளவு சிறியது. பக்கத்து வீட்டுச் சுவர் கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. யன்னல் வைத்தால் அடுத்த வீட்டுக் குசினிக்குள் பார்வை போகும். வைக்காவிட்டால் பட்டப்பகலிலும் மாடிப்படியில் லைற் எரிய வேண்டும். வெளிச்சம் வரவேண்டும், ஆனால் ஆள் தெரியக் கூடாது என்ற இந்த நெருக்கடிக்கு, உள்ளே காற்று அடைபட்ட கண்ணாடிக் கல்லான கிளாஸ் பிளொக் மிகப் பொருத்தமான சாமான். பாரிஸில் 1932இல் கட்டி முடித்த புகழ்பெற்ற கண்ணாடி வீடும் இதே காரணத்துக்காகத்தான் முகப்பு முழுவதும் கண்ணாடிக் கல்லானது: நாற்புறமும் அடைபட்ட முற்றம், வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வெளிச்சம் மட்டும் வேண்டும்.

எங்கள் கணிப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். சாமான் நல்லது. மாடிப்படிச் சுவருக்கும் குளியலறைக்கும் தாராளமாக வாங்கலாம். மேற்குப் பார்த்த சுவருக்கும் படுக்கையறைக்கும் வேண்டாம். கட்டிய பிறகு வெடித்தது, ஒழுகியது, உள்ளே பனிப்புகார் பிடித்தது என்று கேட்கிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை கல்லின் குற்றமல்ல. சீமெந்துக்கல் கட்டுவதைப் போலவே இதையும் இறுக்கிக் கட்டுவதால் வருபவை. ஆகவே கல்லைவிட அதைச் சுற்றி விடவேண்டிய 10, 12 மில்லிமீற்றர் இடைவெளியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

சாமானைப் பற்றி

கடைகளில் வழமையாகக் கிடைப்பது 190 × 190 மில்லிமீற்றர் முகமும் 80 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கல். ஒன்றின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. 10 மில்லிமீற்றர் இடைவெளியோடு கட்டினால் ஒரு சதுர மீற்றருக்குச் சரியாக 25 கல் போகும். அடிக் கணக்கில் சதுர அடிக்கு இரண்டேகால் கல்லுக்குச் சற்று மேல். இதன் பாதி அகலமான 190 × 90 கல்லும், 100 மில்லிமீற்றரை அண்டிய தடிப்புள்ள கல்லும் இருக்கின்றன. தடித்த கல் நம் கடைகளில் கையிருப்பில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடற்கரையோர வீட்டுக்கு அது ஏன் தேவை என்பதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைச் சூட்டோடு வாயோடு வாய் வைத்து ஒட்டுவதால் உண்டாவது இந்தக் கல். ஆறும்போது உள்ளே அடைபட்ட காற்று சுருங்குகிறது. அதனால் உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு. இந்த அடைபட்ட காற்றுத்தான் கல்லின் உயிர். ஒற்றைக் கண்ணாடி யன்னலோடு ஒப்பிட்டால், அறைக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கடத்தப்படும் சூடு இதில் கிட்டத்தட்டப் பாதிதான். வீதிச் சத்தமும் நன்றாக அடங்கும். ஒழுங்காகக் கட்டிய சுவர் 40 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். பிரதான வீதியோர வீடுகளுக்கு இது பெரிய நன்மை. ஆனால் கல்லின் ஒட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் ஈரக்காற்று உள்ளே இழுபட்டு, கண்ணாடியின் உட்பக்கத்தில் வியர்த்து நிற்கும். அதைத் துடைக்க வழியே இல்லை. கல்லை மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே வாங்கும்போது பார்க்கவேண்டிய முதல் இடம் அந்த ஒட்டு. கல்லை வெயிலுக்கு நேரே பிடித்து நடுக்கோட்டைச் சுற்றிப் பாருங்கள். உள்ளே புகார் போல மங்கலோ, துளி நீரோ தெரிந்தால் அந்தப் பெட்டியை முழுதாகச் சோதியுங்கள். இரண்டாவது, பக்கவாட்டில் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு. கண்ணாடியில் சாந்து நேரே பிடிக்காது, இந்தப் பூச்சில்தான் பிடிக்கும். நகத்தால் சுரண்டியதும் தோலாக உரிந்து வந்தால் அந்தக் கல்லை வாங்க வேண்டாம். மூன்றாவது, அளவு. பத்துக் கல்லைத் தரையில் ஒட்டி அடுக்கி மொத்த நீளத்தை அளவுங்கள். 1,900 மில்லிமீற்றருக்கு மிகக் கிட்ட வரவேண்டும். கல்லுக்குக் கல் 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் உள்ள சரக்கு என்றால் எந்த மேசனாலும் இடைவெளியை நேராக ஓட்ட முடியாது. இந்தோனேசியாவின் மூலியா, ஐரோப்பாவின் செவ்ஸ் போன்று உலகச் சந்தையில் அறியப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பெயர் எதுவானாலும் இந்த மூன்று சோதனையையும் செய்துவிட்டே காசு கொடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கண்ணாடியில் உள்ள இரும்புச் சத்தின் அளவைப் பொறுத்துச் சில சரக்கு இலேசான பச்சை அடிக்கும், சில வெளிர் நீலம் அடிக்கும். தனியே பார்த்தால் தெரியாது. ஒரே சுவரில் இரண்டு தொகுதி கலந்தால் மாலை வெயிலில் அப்பட்டமாகத் தெரியும். தேவைக்கு மேல் நான்கைந்து கல் அதே தொகுதியில் வாங்கி மேலே பரணில் வைத்துவிடுங்கள்.

வடிவங்களில் அலை வடிவம்தான் நம் பக்கத்துக்கு ஏற்றது. முக்கியமாக, அலை கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்கிறதா, வெளிமுகத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளிமுகம் வழுவழுப்பாக இருக்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வரும் புழுதியும், கடற்காற்றின் உப்பும் வெளிமுக வரிகளில் படிந்துவிட்டால் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் மூலைகளில் இருந்து போகாது.

ஆள் தெரியாது என்று கடைக்காரர் சொல்வதைப் பாதி ஏற்றுக்கொள்ளலாம். பகலில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இரவில் உள்ளே லைற் எரியும்போது, சுவரை ஒட்டி நிற்பவரின் நிழலுருவம் தெரியும். குளியலறையில் இந்தச் சுவரைக் குளிக்கும் இடத்துக்கு நேரே வைக்காமல், தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகவோ, தலைக்கு மேலே, 6 அடி உயரத்துக்கு மேல் ஒரு பட்டையாகவோ வையுங்கள். இரு முகங்களின் உட்பக்கத்திலும் வரிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல்லில் நிழலுருவமும் நன்றாகச் சிதறிவிடும். முழுத் தெளிவான கல்லைக் குளியலறைக்கு வாங்கவே வேண்டாம்.

எந்தச் சுவர்

மட்டக்களப்பு வடக்கு அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. ஆனி மாத நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே 16 பாகை சாயும். மார்கழியில் தெற்கே 31 பாகை சாயும். வடக்குச் சுவருக்கு ஒரு அடி நீட்டிய சன்ஷேட் போதும். ஆனி நண்பகலில் அது மூன்றடிக்கு மேல் நிழல் தரும். ஆக வெளிச்சத்துக்கு மிகச் சிறந்தது வடக்குச் சுவர். தெற்கும் பரவாயில்லை, வெயில் அதிகம் சாயும் மார்கழியில் வானம் பெரும்பாலும் மூடிக் கிடக்கும்.

மேற்குச் சுவரின் கதை வேறு. பிற்பகல் நான்கு மணிக்குச் சூரியன் அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 30 பாகையில் நிற்கும். அந்த வெயிலை ஒரு மீற்றர் உயரக் கண்ணாடியிலிருந்து மறைக்க 1.7 மீற்றர் நீட்டிய சன்ஷேட் வேண்டும். அது நடக்கிற காரியமல்ல. உள்ளே அடைபட்ட காற்று, கடத்தப்படும் சூட்டைத்தான் குறைக்கும். நேர் வெயில் வெளிச்சமாக உள்ளே நுழைந்து சுவரிலும் தரையிலும் பட்டுச் சூடாக மாறுவதை அதால் தடுக்க முடியாது. யன்னல் என்றால் திறந்தாவது விடலாம், இது திறக்காது. கச்சான் அடிக்கும் காலத்தில் மேற்குப் பார்த்த பெரிய கிளாஸ் பிளொக் சுவருக்குப் பின்னால் உள்ள அறையில் மாலையில் ஆள் இருக்க முடியாது. கட்டியே தீரவேண்டும் என்றால் வெளியே இரண்டடி தள்ளி, காற்றுப்போகத் துளைவிட்ட சீமெந்துக்கல்லால் ஒரு மறைப்புச் சுவர் எழுப்புங்கள், அல்லது கொடி ஏற்றுங்கள்.

வெளிச்சத்துக்கு நல்ல வடக்குச் சுவர்தான் மழைக்கு மோசமான சுவர். கார்த்திகை தொடங்கி வாடைக்காற்றோடு வரும் மழை வடக்கிலும் கிழக்கிலும்தான் சாய்ந்து அடிக்கும். கல் ஒழுகாது, சாந்தும் விளிம்பும்தான் ஒழுகும். வடக்குச் சுவரில் வைப்பவர்கள் கீழே சொல்லும் விளிம்பு வேலையில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

காற்றோட்டம் இன்னொரு பெரிய விடயம். கிளாஸ் பிளொக்கை யன்னலுக்குப் பதிலாகக் கணக்கெடுக்க வேண்டாம். குளியலறையில் வைத்தால் மேலே லூவரோ வெளியிழுக்கும் விசிறியோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மாரி மாதங்களில் சாந்து இடைவெளிகளில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். மாடிப்படியில் வைத்தால் உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு விடுங்கள். படுக்கையறைக்கு வேண்டாம் என்று முதலில் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

காற்று, சூறாவளி, சுவரின் அளவு

கிளாஸ் பிளொக் பாரம் தாங்கும் கல் அல்ல. மேலே லின்டல் அல்லது பீம் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கவேண்டும். இது பலருக்கும் தெரியும். காற்றுக்கு நிற்குமா என்று கேட்பவர்கள்தான் குறைவு.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட கரை இது. இலங்கையின் காற்று வலயப் பிரிப்பில் கிழக்குக் கரை முதலாம் வலயத்தில் வருகிறது. சாதாரணக் கட்டடங்களுக்கே விநாடிக்கு 49 மீற்றர் வேகத்தைக் கணக்கெடுக்கவேண்டும். அந்த வேகம் தட்டைச் சுவரில் நேரே மோதினால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ தள்ளு. 6 அடி அகலம், 8 அடி உயரச் சுவருக்கு 650 கிலோவுக்கு மேல். ஒழுங்கைக்குள் வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இது கணிசமாகக் குறையும். கல்லடி, கல்குடா, திருக்கோவில், பொத்துவில் போன்ற இடங்களில் கடலைப் பார்த்து நிற்கும் வீட்டில் குறையாது.

அமெரிக்கக் கட்டட விதிகள் 80 மில்லிமீற்றர் அளவிலான கல்லை மெல்லிய வகை என்றே பிரிக்கின்றன. காற்றழுத்தம் சதுர அடிக்கு 20 இறாத்தலைத் தாண்டும் இடத்தில், அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 98 கிலோவைத் தாண்டும் இடத்தில், மெல்லிய கல்லை வெளிச்சுவருக்குப் பயன்படுத்தவே விடுவதில்லை. 98 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழமையான கல்லுக்கு அதே 20 இறாத்தல் அழுத்தத்தில் ஒரு சட்டத்துக்கு, அதாவது தூணுக்கும் பீமுக்கும் இடையே தனியாக நிற்கும் ஒரு கண்ணாடிச் சுவர்த் துண்டுக்கு, 144 சதுர அடி வரை அனுமதி. காற்று கூடக் கூட அந்தப் பரப்புக் குறையும். இந்த விதி நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் காற்று எங்கேயும் ஒரே மாதிரித்தான் தள்ளும்.

அதனால் எங்கள் பரிந்துரை இது. ஊருக்குள், வீடுகள் மறைக்கும் இடத்தில் 80 மில்லிமீற்றர் கல் போதும். ஆனால் ஒரு சட்டத்தின் அகலம் நான்கு கல்லுக்கு மேல் போகவேண்டாம். ஒடுங்கிய சட்டத்தில் காற்றின் தள்ளு இரு பக்கக் கொங்கிறீட் தூண்களுக்கும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். அகலமாகத் தெரியவேண்டும் என்றால் நடுவே 4 அங்குலக் கொங்கிறீட் தூண் விட்டு இரண்டு, மூன்று சட்டங்களாகப் பிரியுங்கள்; பார்வைக்கும் அது வடிவாகத்தான் இருக்கும். திறந்த கடற்கரையில் தடித்த கல்லையே எடுங்கள், கம்பியும் ஒவ்வொரு வரிசைக்கும் போடுங்கள். இதைவிடப் பெரிய சுவர் என்றால் பொறியியலாளரின் கணக்கு இல்லாமல் தொடவேண்டாம்.

தொலைபேசியில் ஹிரோஷிமாவின் கண்ணாடி வீட்டுப் படத்தைக் காட்டி அதுபோல வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2012இல் முடிந்த அந்த வீட்டின் முகப்பு 8.6 மீற்றர் உயரம். 6,000 கண்ணாடிக் கட்டிகள். அவை நம் கடைகளில் விற்கும் உள்ளே காற்றுள்ள கல் அல்ல. முழுக் கண்ணாடி வார்ப்புகள். மேலே உள்ள பீமிலிருந்து தொங்கும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளில் மணி கோர்த்தது போலக் கோர்த்தவை. சாந்து வைத்து அடுக்கி அந்த உயரம் போக முடியாது.

கட்டும் முறை

உதாரணத்துக்கு மாடிப்படிச் சுவரில் 4 கல் அகலம், 12 கல் உயரம் ஒரு சட்டம் எடுப்போம். 48 கல்; உடைவுக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 53 வாங்குங்கள். கல்லும் இடைவெளியும் சேர்ந்து அகலம் 790 மில்லிமீற்றர். இரு பக்கமும் 12 மில்லிமீற்றர் விடவேண்டும். உயரம் 2,390, அடியில் 10 மில்லிமீற்றர் சாந்து, மேலே 12 மில்லிமீற்றர் வெறும் இடைவெளி. ஆக இந்தச் சட்டத்துக்காகச் சுவரில் விடவேண்டிய வாசல் 2 அடி 8 அங்குலத்துக்கு 7 அடி 11 அங்குலம். இது பூச்சு முடிந்த பிறகு உள்ள அளவு. கொங்கிறீட் அளவில் விட்டுவிட்டுப் பிறகு அரை அங்குலப் பூச்சை இரு பக்கமும் பூசினால் இடைவெளி முழுதாகத் தின்னப்பட்டுவிடும். கல்லை வெட்ட முடியாது. வெட்டினால் கல் செத்தது. அதனால்தான் முதலில் கல்லை வாங்கி அளந்து, பிறகு வாசலை விடுங்கள் என்கிறோம்.

கல்லுக்குக் கல் இடைவெளியைச் சமமாகப் பிடிக்கும் பிளாஸ்ரிக் ஸ்பேசர் 65 வேண்டும்: சிலுவை வடிவம் 33, விளிம்புக்கு மூன்று கை உள்ளது 28, மூலைக்கு 4. சிலுவையை மட்டும் வாங்கி விளிம்புக்கு ஒரு கையை வெட்டியும் பாவிக்கலாம். துருப்பிடிக்காத உருக்குக் கம்பி 6 மில்லிமீற்றர் தடிப்பில், இரண்டு வரிசைக்கு ஒருமுறை சோடியாகப் போட 8 மீற்றர். ஒவ்வொரு வரிசைக்கும் என்றால் 17 மீற்றர். மாடிப்படிக் கைப்பிடி செய்யும் வெல்டிங் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 316 தரம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 304 தரம் கடற்காற்றில் பழுப்புக் கறை ஏறும். சாதாரணக் கம்பியோ, கல்வனைஸ் கம்பியோ வேண்டவே வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும். 10 மில்லிமீற்றர் சாந்துக்குள் அது பருத்தால் கண்ணாடிக்கு ஒதுங்க இடமில்லை. கட்டிச் சில வருடங்களுக்குப் பிறகு கிடைக்கோட்டில் வரிசையாகக் கல் வெடித்திருந்தால் உள்ளே துருப்பிடித்த கம்பியைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

சாந்துக்கு ஒரு பங்கு சீமெந்து, அரைப் பங்கு சுண்ணாம்பு, நான்கு பங்கு மணல். வெள்ளைச் சீமெந்து என்றால் வெளிச்சம் கூடும், பார்வைக்கும் சுத்தம். இந்தச் சட்டத்துக்கு ஒரு பக்கெற் சீமெந்தில் கால்வாசியே போதும். ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். மணல் உப்பில்லாத ஆற்று மணலாக, நன்றாக அரித்ததாக இருக்கவேண்டும். கடற்கரை மணல் எந்தக் காரணத்துக்கும் கூடாது. தண்ணீரும் அப்படித்தான். கடலோரத்திலும் வாவிக்கரையிலும் பல கிணறுகளில் சவர்த் தண்ணீர். அதில் குழைத்தால் இடைவெளி முழுவதும் வெள்ளை உப்புப் பூக்கும். குடிக்கக்கூடிய தண்ணீரில் குழையுங்கள்.

இனி மேசன்மாரின் கைப்பழக்கம் மாறவேண்டிய இடங்கள். செங்கல்லை நனைத்துக் கட்டுவது நம் ஊரில் நல்ல வேலைக்கு அடையாளம். கிளாஸ் பிளொக்கை நனைக்கவே கூடாது. இது தண்ணீர் உறிஞ்சாத கல்; நனைந்திருந்தால் சாந்து வழுக்கும். உறிஞ்சாத காரணத்தாலேயே சாந்து இறுகவும் நேரம் எடுக்கும். வழமையைவிட இறுக்கமாக, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் குழையுங்கள். ஒரே நாளில் ஐந்து, ஆறு வரிசைக்கு மேல் எழுப்பினால் மேற்பாரம் கீழ்ச் சாந்தைப் பிதுக்கி, சுவர் வயிறு தள்ளும். இந்தச் சட்டத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். சாந்தைப் பரப்பிய பிறகு கரண்டி நுனியால் நடுவே வாய்க்கால் இழுப்பதும் பழக்கம். இங்கே அது உள்ளே வெறுமையை விட்டு மழைத் தண்ணீருக்கு வழி காட்டும். தட்டிச் சரிசெய்ய மரக்கட்டையோ றப்பர் சுத்தியலோ வேண்டும். சாந்து இறுகத் தொடங்கிய பிறகு ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. கோணலாகத் தெரிந்தால் கழற்றி, துடைத்து, புதுச் சாந்தில் வையுங்கள்.

ஒழுங்கு இப்படி. அடிப்பகுதி வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும். அதன்மேல் தண்ணீர் கலந்து வரும் தார்ப் பூச்சு ஒன்று பூசி நன்றாகக் காயவிடுங்கள். இதைத் தண்ணீர்த் தடுப்பு என்று மட்டும் நினைத்துத் தவிர்ப்பவர்கள் உண்டு. சுவர் சூட்டில் நீண்டு சுருங்கும்போது அடி வழுக்கிக் கொடுக்கவும் அது வேண்டும். இரு பக்கத் தூண்களிலும் மேல் பீமிலும் 12 மில்லிமீற்றர் பொலித்தீன் நுரைப் பட்டையை ஒட்டுங்கள். ரெஜிபோம் வேண்டாம், அது அமுங்கினால் முழுதாகத் திரும்பி வராது. பிறகு சாந்து, முதல் வரிசை, தூக்குக்குண்டு, மட்டம். இரண்டு வரிசைக்கு ஒருமுறை, சாந்தின் பாதித் தடிப்பைப் போட்டு, உள்ளும் புறமுமாக இரண்டு கம்பி வைத்து, மேலே மீதிச் சாந்து. கம்பி தூணைத் தொடக்கூடாது, தூணுக்குள் போகவும் கூடாது. சுவரைத் தூணோடு பிடித்து வைப்பது துளையிட்ட துருப்பிடிக்காத தகட்டுப் பட்டைகள்: 400 மில்லிமீற்றருக்கு ஒன்று, தூணில் ஸ்குரூ போட்டு, நுரைப் பட்டையோடு மடங்கி, கல் இடைவெளிச் சாந்துக்குள் 300 மில்லிமீற்றர் நீண்டு கிடக்கவேண்டும். காற்றுக்கு இழுத்துப் பிடிப்பதும், சூட்டுக்கு வளைந்து கொடுப்பதும் இந்த மடிப்புத்தான்.

மேலே கடைசி வரிசைக்கும் பீமுக்கும் இடையில் சாந்து போடாதீர்கள். இதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. இடைவெளியைக் கண்டால் நிரப்பிவிட வேண்டும் என்பது கையின் குணம். கணக்கைப் பாருங்கள்: கண்ணாடி ஒரு பாகைச் சூட்டுக்குப் பத்து இலட்சத்தில் 9 பங்கு நீளும். 30 பாகை ஏறினால் 2.4 மீற்றர் உயரச் சுவர் 0.65 மில்லிமீற்றர் நீளும். அற்பமாகத் தெரியும். ஆனால் மேலும் கீழும் இறுக்கினால் அந்த அரை மில்லிமீற்றருக்கும் போக இடமில்லை. அதற்கு மேல் பீமே காலப்போக்கில் சில மில்லிமீற்றர் தொய்வது வழமை. அந்தத் தொய்வு முழுவதும் கண்ணாடித் தலையில் இறங்கும். மேல் வரிசையில் மூலைவாக்கில் வெடிப்பு என்றால் காரணம் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சாந்து பெருவிரல் பதியும் அளவுக்கு இறுகியதும், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், ஸ்பேசரின் முகத்தை முறுக்கி உடைத்தெடுத்து, இடைவெளியைக் குழிவாக இழுத்து அழுத்துங்கள். ஈர ஸ்பொஞ்சால் கல்லைத் துடையுங்கள். மறுநாள் வரும் வெண் படலத்தைக் காய்ந்த துணியால் எடுங்கள். அசிட் ஊற்றிக் கழுவினால் சாந்தைத் தின்னும், உருக்குக் கம்பியையும் அரிக்கும். இரும்பு நார் கண்ணாடியில் கீறும். கச்சான் காலத்தில் கட்டினால் காலையிலேயே வேலையை முடித்து, சுவருக்கு நனைந்த சாக்குத் தொங்கவிடுங்கள். மாரியில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கடைசியாக விளிம்பு. ஏழு நாள் கழித்து, நுரைப் பட்டையை இரு முகங்களிலும் 6 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி, அந்தக் குழியில் சிலிக்கன் போடுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் இதற்கு ஆகாது. அதன் அமிலம் சீமெந்தில் பிடிப்பைக் கெடுக்கும். கட்டட வேலைக்கான, மணமில்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். தூணின் பூச்சில் தூசி இருந்தால் எந்தச் சிலிக்கனும் நிற்காது.

சாந்தே இல்லாமல் பிளாஸ்ரிக் சட்டத்திலும் சிலிக்கனிலும் கல்லை ஒட்டும் முறையும் உண்டு. வேலை சுலபம், அறைகளுக்கு இடையே தடுப்புக்கு நல்லது. நம் கரையில் வெளிச்சுவருக்கு நாங்கள் அதைச் சொல்லமாட்டோம்.

பிறகு

ஒரு கல் உடைந்தால் சுவரைக் கலைக்கத் தேவையில்லை. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டு, நடுவிலிருந்து உடைத்து, துண்டுகளை உட்பக்கமாக எடுக்கவேண்டும். பக்கத்துக் கல்லில் உளியை ஊன்றி நெம்பினால் ஒன்றுக்கு இரண்டாகப் போகும். பழைய சாந்தைக் கம்பி வரை சுரண்டி, பரணில் வைத்த கல்லை மரச் சில்லு வைத்து நிறுத்தி, நாலு பக்கமும் சாந்தை உள்ளே திணித்து அடையுங்கள். ஒரு நாள் வேலை.

கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளிமுகத்தைக் கழுவினால் உப்புப் படலம் கட்டாது. புரட்டாசியில், மழை தொடங்குமுன், சிலிக்கன் விளிம்பை நகத்தால் அழுத்திக்கொண்டே சுற்றிப் பாருங்கள். தூணை விட்டு விலகியிருந்தால், வெடித்திருந்தால், அந்த நீளத்தை மட்டும் மேலே பூசி மறைக்க வேண்டாம். பழைய சிலிக்கனில் புதியது ஒட்டாது. பிளேட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் வெட்டியெடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு புதிதாகப் போடுங்கள்.